பைக்குக்கு முதல் ஒரு சைக்கிள்

பதிவு கொஞ்சம் நீளம். ஓ.எல். எழுதின அல்லது எழுதப் போகிற பிள்ளை வீட்டில் இருப்பவர்கள் மட்டுமாவது கடைசி வரை வாசியுங்கள்.

ஓ.எல். முடிந்த கையோடு எங்கள் பகுதியில் ஆண் பிள்ளைகள் வாப்பாவிடம் கேட்கும் முதல் சாமான் மோட்டார் சைக்கிள். இல்லையென்று சொல்ல முடியாமல் லீசிங்கிலாவது எடுத்துக் கொடுக்கிறோம். லைசன்ஸ் எடுக்கிற வயது வந்திருக்காது. பெறுபேறு வரும் வரை கையில் சில மாதங்கள் இருக்கும். காலையில் டியூஷன், பின்னேரம் சந்தி, இரவில் போன். இந்த மாதங்களில் பைக்கால் எத்தனை ஜனாஸாவுக்குப் போயிருக்கிறோம் என்று ஒவ்வொருவரும் தத்தம் ஊரை நினைத்துப் பார்த்தால் போதும்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். பைக்கைப் பற்றிப் பேசுவதற்கு முதல், அந்தப் பிள்ளையை ஒரு தடவை கடற்கரையோரமாகச் சைக்கிளில் நெடுந்தூரம் அனுப்புங்கள். தனியே வேண்டாம். மூன்று நான்கு பேராக, பொறுப்பான ஒரு பெரியவரோடு. பொத்துவிலில் இருந்து திருகோணமலை வரைக்கும்.

"சேருக்கு விசரா?" என்று கேட்பீர்கள். வீட்டிலும் அதைத்தான் கேட்டார்கள்.

சைக்கிள் நமக்குப் புதுச் சாமான் இல்லை. 2022இல் பெற்றோல் வரிசை நாட்களில் எத்தனை அதிபர், ஆசிரியர், டொக்டர் சைக்கிளில் வேலைக்குப் போனோம்? அப்போது யாரும் வெட்கப்படவில்லை. கியூஆர் வந்து, பெற்றோல் வந்து, சைக்கிள் திரும்பவும் சுவரோடு சாய்ந்துவிட்டது. இன்றைக்கு ஒரு ஆசிரியர் சைக்கிளில் பாடசாலைக்குப் போனால் "பைக் பழுதா சேர்?" என்று நாலு பேர் கேட்கிறார்கள். காசில்லாதவனின் வாகனம் என்ற முத்திரை திரும்பவும் அதற்கு விழுந்துவிட்டது.

போன வருட விடுமுறையில், கச்சான் காற்று அடிக்கிற காலத்தில், நாங்கள் மூன்று பேர் போனோம். நான், என்னோடு படிப்பிக்கிற ஒரு ஆசிரியர், 19 வயதான என் மச்சான். புதுச் சைக்கிள் எதுவும் வாங்கவில்லை. வீட்டில் கிடந்த பழைய லுமாலாக்கள்தான். பொத்துவிலுக்கு வெறுமையாகத் திரும்பிப் போன ஒரு மரக்கறி லொறியில் சைக்கிள்களை ஏற்றினோம். தெற்கில் இருந்து வடக்கே மிதித்தால் காற்று பெரும்பாலும் இடது தோளுக்குப் பின்னால் இருந்து வரும். மூத்தவர்கள் சொன்ன புத்தி அது. எதிர்ப்பக்கம் போயிருந்தால் முழங்கால்தான் பதில் சொல்லியிருக்கும்.

ஐந்து நாள், நாலு இரவு, சுமார் 250 கிலோமீற்றர். முதல் நாள் பொத்துவிலில் இருந்து கோமாரி, திருக்கோவில், அக்கரைப்பற்று தாண்டி ஒலுவில். இரண்டாம் நாள் கல்முனை, களுவாஞ்சிக்குடி வழியாகக் காத்தான்குடி. மூன்றாம் நாள் மட்டக்களப்பு, ஏறாவூர், ஓட்டமாவடி தாண்டி வாகரை. நாலாம் நாள் வெருகல் கடந்து மூதூர். ஐந்தாம் நாள் கிண்ணியாப் பாலம் ஏறித் திருகோணமலை.

கணக்குக் கேட்பவர்களுக்காக, ஒரு ஆளின் செலவு:

சாப்பாடு, தேத்தண்ணி, குரும்பை: ஒரு நாளைக்கு 1,200 படி 6,000 ரூபா.
போக முன் சைக்கிளுக்கு பிரேக் கட்டை, கிரீஸ், செயின் வேலை: 1,200.
மேலதிக டியூப், ஒட்டுச் சாமான்: 700.
லொறிக்காரருக்கு: 300.
திரும்பி வர, மீன் கொண்டுபோய் இறக்கிவிட்டு வெறுமையாக வந்த கூலர் வாகனத்துக்கு: 500.
ஜீவனிப் பக்கெட், பிளாஸ்டர், சில்லறை: 300.

மொத்தம் 9,000 ரூபா. தங்கியதற்கு ஒரு சதமும் இல்லை. ஒலுவிலில் சாச்சி வீடு. காத்தான்குடியிலும் மூதூரிலும் பள்ளிவாசல். வாகரையில் ஒரு நண்பன் வீடு. அந்த வீட்டைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

ஒன்பதாயிரமும் சிறிய காசில்லைதான். ஆனால் நுவரெலியாவுக்கு ஒரு வேன் ட்ரிப் என்றால் ஒரு பிள்ளையிடம் எவ்வளவு சேர்க்கிறோம் என்று எல்லோருக்கும் தெரியும். விடிய விடியப் பாட்டு, பிள்ளைகள் பாதி வழி நித்திரை, ஒரு பூங்கா, ஒரு படம், திரும்பி வருதல். போன ஊரின் பெயர்ப்பலகையைக் கூட நின்று வாசித்திருக்க மாட்டார்கள்.

கல்வியியற் கல்லூரியில் எங்களுக்கு அனுபவக் கற்றல் என்றொரு பாடம் வந்தது. ஜோன் டூயி என்ன சொன்னார் என்று பக்கம் பக்கமாகக் குறிப்பெழுதினோம், கதிரையில் இருந்துகொண்டே. இப்போது நானும் பத்தாம் வகுப்பில் கரும்பலகையில் "களப்பு என்றால் என்ன?" என்று எழுதிப் போட்டு வரைவிலக்கணம் சொல்லிக் கொடுக்கிறேன். பிள்ளைகள் பாடமாக்கிப் புள்ளி எடுக்கிறார்கள். களப்புக்கும் கடலுக்கும் நடுவில்தான் தங்கள் வீடு இருக்கிறது என்பதை யோசித்துப் பார்க்கிறவர்கள் குறைவு.

கல்முனை தாண்டி மிதிக்கத் தொடங்கினால் அந்தப் பாடம் காலுக்குள் இறங்கும். வலது கைப்பக்கம் கடல். இடது கைப்பக்கம் மட்டக்களப்பு வாவி, 56 கிலோமீற்றர் நீளம். நடுவில் ஒடுங்கிய ஒரு மணல் கீற்று, அதில் வீதி, வீதியின் இரண்டு பக்கமும் ஊர்கள். எழுவான்கரை, படுவான்கரை என்று ஏன் பெயர் வந்தது என்று மச்சானிடம் கேட்டேன். சூரியன் எழும்புகிற பக்கம், படுகிற பக்கம் என்று தானாகவே சொன்னான். பெரியகல்லாற்றில் வாவி கடலோடு சேருகிற இடத்தில் பாலத்தில் நின்று, நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்தோம். கல்லடியில் 1924இல் கட்டின பழைய இரும்புப் பாலமும் 2013இல் திறந்த புதுப் பாலமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. பஸ்ஸில் போனால் அரை நிமிடத்தில் கடந்துவிடும் இடம். நாங்கள் அங்கே கச்சான் கொட்டை கொறித்துக்கொண்டு அரை மணித்தியாலம் நின்றோம்.

ஒலுவில் துறைமுகத்தையும் அப்படித்தான் பார்த்தோம். 2013இல் பெரிய எடுப்பில் திறந்தார்கள். வாயை மணல் மூடுகிறது, வடக்குப் பக்கத்துக் கரையைக் கடல் தின்கிறது. கடலுக்குள் கல் போட்டால் மணலோட்டத்துக்கு என்ன நடக்கும் என்பதைப் புத்தகத்தில் அம்புக்குறி போட்டு விளங்கப்படுத்துவது ஒன்று. வேர் தெரிய விழுந்து கிடக்கிற தென்னை மரத்துக்குப் பக்கத்தில் சைக்கிளை நிறுத்திவிட்டு, "இந்த வளவு யாருடையது?" என்று அங்கே நிற்கிற மீனவரிடம் கேட்பது வேறொன்று.

கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்தது. அதற்கு முதல் பாதையில்தான் அக்கரைக்குப் போக வேண்டும். இன்றைக்கு ஓ.எல். எழுதுகிற பிள்ளைக்குப் பாதை என்றால் நடக்கிற பாதை மட்டும்தான் தெரியும். பாதைக்காக வரிசையில் நின்று கர்ப்பிணிகளோடும் நோயாளிகளோடும் காத்திருந்த கதையை கிண்ணியாவில் ஒரு தேத்தண்ணிக் கடைக்கார காக்கா சொன்னார். மச்சான் போனைப் பைக்குள் வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். ஐந்து நாளிலும் நான் சொல்லாமலேயே அவன் அப்படிச் செய்த இடங்கள் பல.

இனி முக்கியமான விடயத்துக்கு வருகிறேன்.

எங்கள் கரையோரத்தில் தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் மாறி மாறி வருகின்றன. நிந்தவூர் முடிய காரைதீவு. காரைதீவு முடிய சாய்ந்தமருது. பாண்டிருப்புக்கு அடுத்தது மருதமுனை. ஆரையம்பதிக்கு அடுத்தது காத்தான்குடி. சில இடத்தில் எல்லை ஒரு ஒழுங்கைதான். பஸ்ஸிலும் பைக்கிலும் இவற்றைக் கடந்துதான் வாழ்கிறோம். ஆனால் நிற்பதில்லை. நமது ஊர் வந்த பிறகுதான் தேத்தண்ணிக்கு இறங்குவோம். அவர்களும் அப்படித்தான்.

சைக்கிள்காரனுக்கு அந்தச் சலுகை கிடையாது. தண்ணி முடிகிற இடத்தில் நிற்க வேண்டும். செயின் கழன்ற இடத்தில் இறங்க வேண்டும். நமக்கு வசதியான ஊர் பார்த்து டியூப் காற்றுப் போவதில்லை.

எங்களுக்கு அது சித்தாண்டிக்குக் கிட்டப் போனது. வீதியோரத்து சைக்கிள் கடையில் வயதான ஒரு ஐயா இருந்தார். எங்கள் தொப்பியையும் தாடியையும் ஒரு தடவை பார்த்தார். "எந்த ஊர்?" என்று கேட்டார். சொன்னோம். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. டியூபைத் தண்ணிக்குள் அமுக்கி ஓட்டையைத் தேடினார். பிறகு, முந்தி எங்கள் ஊருக்கு வந்து சாரன் எடுத்துப் போய் வித்த கதையைச் சொன்னார். "பிறகு எல்லாம் விட்டுப் போச்சு" என்றார். ஒட்டுக்கு நூறு ரூபா கேட்டார், கொடுத்தோம். போகும்போது, "வாகரை ரோட்டில பின்னேரம் ஆனை வரும், வெளிச்சம் இருக்கக்குள்ள போய்ச் சேருங்க மகன்" என்றார். அவ்வளவுதான் நடந்தது. கட்டிப்பிடித்து அழவில்லை. ஆனால் அந்த ஊர் இனி எங்களுக்குப் பெயர்ப்பலகை மட்டும் இல்லை.

காத்தான்குடியும் ஏறாவூரும் 1990 ஓகஸ்ட்டை மறக்கவில்லை. சத்துருக்கொண்டான் 1990 செப்டெம்பரை மறக்கவில்லை. இந்த மூன்று இடமும் ஏறத்தாழ இருபது கிலோமீற்றருக்குள் இருக்கின்றன. ஒரே காலையில் மூன்றையும் சைக்கிளில் கடந்தோம். நமது பிள்ளைகளுக்கு நமது ஊரின் ஷுஹதாக்களை மட்டும் தெரியும். அவர்களது பிள்ளைகளுக்கு அவர்களது நினைவுத்தூணை மட்டும் தெரியும். சத்துருக்கொண்டானில் நின்றபோது, "இதை எங்களுக்கு ஏன் யாரும் சொல்லல்ல?" என்று மச்சான் கேட்டான். வரலாறு படிப்பிக்கிற இரண்டு ஆசிரியர்கள் பக்கத்தில் நின்றோம்.

2019 ஏப்ரலுக்குப் பிறகு இன்னொரு பயம் சேர்ந்தது. தோளில் பை போட்ட முஸ்லிம் பொடியனைக் கண்டால் மற்றவர்கள் பார்க்கிற பார்வை. அதனால்தான் பல உம்மாமார் பிள்ளையை அடுத்த ஊர்க் கடைக்குக் கூட அனுப்ப யோசிக்கிறார்கள். அந்த யோசனையில் நியாயம் இருக்கிறது. ஆனால் வீட்டுக்குள் வைத்திருந்து அந்தப் பார்வையை மாற்ற முடியாது. எங்கள் பையையும் இரண்டு இடத்தில் திறந்து பார்த்தார்கள். ஈரச் சாரனும் டியூபும்தான் இருந்தன. பார்த்தவரே சிரித்துவிட்டார்.

நமது பக்கமும் ஒரு கேள்வி இருக்கிறது. நெற்றியில் திருநீறோடு நாலு தமிழ்ப் பொடியன்கள் வேர்த்து விறுவிறுத்து நமது ஊர்ச் சந்தியில் சைக்கிளை நிறுத்தித் தண்ணி கேட்டால், "எங்க இருந்து வாறீங்க?" என்ற கேள்வியை நாம் எந்தக் குரலில் கேட்போம்? நேர்மையாக யோசித்துப் பாருங்கள்.

வாகரை வீட்டுக்கு வருகிறேன். அவன் கல்லூரியில் என்னோடு படித்தவன். பத்து வருடத்துக்கு மேலான சிநேகிதம், எல்லாம் போனில். கல்யாணத்துக்கு வாழ்த்து, பிள்ளை பிறந்ததுக்கு வாழ்த்து, பெருநாளுக்கும் பொங்கலுக்கும் வட்ஸ்அப்பில் ஒரு படம். எங்கள் ஊரில் இருந்து பஸ்ஸில் சில மணித்தியாலத் தூரம்தான். இருந்தும் அவன் உம்மாவை அன்றைக்குத்தான் முதன்முதல் பார்த்தேன். "மீன்தான் மகன் ஆக்கியிருக்கன். இறைச்சி எண்டா நீங்க யோசிப்பீங்க. யோசிக்காம சாப்பிடுங்க" என்றார். தொழ இடம் கேட்க முன்னமே சாமியறைக்கு மறுபக்க அறையைக் கூட்டித் துடைத்துப் பாய் விரித்து வைத்திருந்தார். யுத்தத்தில் 2006, 2007இல் அந்தப் பக்கம் எத்தனை தடவை இடம்பெயர்ந்தார்கள் என்று இரவு பேசிக்கொண்டிருந்தோம். மூதூர் மக்களும் 2006இல் ஓடினார்கள் என்று நான் சொன்னேன். யாருடைய கணக்குப் பெரியது என்று இருவருமே பார்க்கவில்லை. விடிய சுபஹுக்கு எழும்பினபோது அவர் அடுப்படியில் இடியப்பம் அவித்துக்கொண்டிருந்தார். "மறுகா வரக்குள்ள பிள்ளைகளையும் கூட்டி வாங்க" என்றுதான் வழியனுப்பினார்.

இதையெல்லாம் ஒரு கருத்தரங்கில் சொல்லிக் கொடுக்க முடியுமா? சகவாழ்வுக் கருத்தரங்குகள் எத்தனைக்கோ போயிருக்கிறேன். சான்றிதழும் சாப்பாட்டுப் பார்சலும் கிடைத்தது. யாருடைய வீட்டு அடுப்படியும் தெரிய வரவில்லை.

இனி நீங்கள் கேட்கப் போகிற கேள்விகள்.

வீதி ஆபத்தில்லையா? ஆபத்துத்தான். போட்டி போட்டு ஓடுகிற பஸ்களுக்கு வெள்ளைக் கோடு கண்ணில் படாது. கோட்டுக்கு வெளியே சைக்கிளுக்கு இருக்கிற இடத்தில் வாகனம் நிற்கும், அறுவடைக் காலத்தில் நெல் காயும். ஆனால் இதே வீதியில்தான் அதே பிள்ளைக்குப் பைக் கொடுத்து அனுப்புகிறோம். மணிக்கு 15 கிலோமீற்றரில் போகிறவனுக்காகப் பயப்படுகிற நாம், 80இல் போகிறவனுக்கு ஹெல்மட் வாங்கிக் கொடுப்பதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

படிப்பு கெடாதா? ஐந்து நாளில் கெடுகிற படிப்பு எப்படியும் கெடும்.

பெண் பிள்ளைகள்? என் வகுப்பில் முதலில் கேட்டதே பெண் பிள்ளைகள்தான். "பொடியன்மாருக்கு மட்டுமா சேர்?" இரவு தங்குகிற பயணத்துக்கு நமது ஊர்கள் இப்போதைக்குச் சம்மதிக்காது என்பது தெரியும். அதற்காக ஒன்றுமே இல்லை என்று விடத் தேவையில்லை. ஆசிரியைகள் இரண்டு பேர், பின்னால் ஒரு ஆட்டோவில் உம்மாமார், காலை ஆறு மணிக்குப் புறப்பட்டுப் பத்து மணிக்குள் திரும்புகிற இருபது கிலோமீற்றர். அக்கரைப்பற்றில் இருந்து ஒலுவில் வரை போய் வந்தாலே துறைமுகமும் கரையும் பார்த்தாகிவிடும். ஆசிரியைகள்தான் முன்வர வேண்டும். நாங்கள் வழியை மறிக்காமல் இருந்தால் போதும்.

போக நினைப்பவர்களுக்குச் சில விதிகள். அனுபவத்தில் சொல்கிறேன்:

ஒரு நாளைக்கு 60 கிலோமீற்றருக்கு மேல் வேண்டாம். சுபஹ் தொழுதுவிட்டு வெளிச்சம் வந்ததும் புறப்பட்டு, பத்தரைக்குள் நிழல் தேடுங்கள். மீதியை அஸருக்குப் பிறகு மிதித்து, மஃரிபுக்கு முதல் தங்குமிடம் சேர வேண்டும். யானை நடமாட்டம் உள்ள கோமாரி, வாகரை, வெருகல் பக்கங்களைப் பட்டப்பகலில் மட்டும் கடக்க வேண்டும். ஒருவர் பின் ஒருவராகத்தான் போக வேண்டும், பக்கத்தில் பக்கத்தில் போய்க் கதைக்கக் கூடாது. பின் மட்கார்டில் சிவப்பு ஒளித்தாள் ஒட்டுங்கள். வெயிலில் ஜீவனி இல்லாமல் போக வேண்டாம். முகத்துவாரம் எதிலும் குளிக்க வேண்டாம், நீச்சல் தெரிந்தாலும் வேண்டாம். அடையாள அட்டை, பெற்றோர் கடிதம், அதிபரின் கடிதம் மூன்றும் பையில் இருக்க வேண்டும். ஒவ்வொரு இரவும் வீட்டுக்கு ஒரு அழைப்பு. மாரியில் போக வேண்டாம்.

இரண்டு வேண்டுகோள்.

பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கு: கடிதத்தோடு வருகிற மாணவக் குழுவுக்கு, எந்தச் சமூகத்துப் பிள்ளைகளாக இருந்தாலும், ஒரு இரவு மண்டபத்தில் இடம் கொடுங்கள். ஒரு விசிறியும் தண்ணிக் குழாயும் போதும்.

பெற்றோருக்கு: பைக்குக்கு முற்பணம் கட்ட நினைத்திருக்கிற காசில் 9,000 ரூபாவை மட்டும் தனியே எடுத்து வையுங்கள். போய் வந்த பிறகும் பிள்ளை பைக் கேட்டால், அப்போது வாங்கிக் கொடுப்பதைப் பற்றிப் பேசலாம். 250 கிலோமீற்றரைக் காலால் அளந்த பிள்ளை வீதியை வேறு கண்ணால் பார்க்கும் என்பது என் நம்பிக்கை.

வாகரை நண்பன் அடுத்த விடுமுறையில் தன் மாணவர்கள் நாலு பேரோடு சைக்கிளில் தெற்கே வருவதாகச் சொல்லியிருக்கிறான். கல்முனைப் பக்கம் அவர்களுக்கு என் வீடு. மற்ற ஊர்களில் ஒரு இரவு பாய் விரிக்க இடம் தரக் கூடியவர்கள் கீழே உங்கள் ஊரின் பெயரை மட்டும் எழுதுங்கள். நம்பர் போட வேண்டாம், நான் தனியாகத் தொடர்புகொள்கிறேன். பொத்துவில் முதல் திருகோணமலை வரை ஒரு பட்டியல் செய்வோம், இன்ஷா அல்லாஹ். இப்போதைக்கு அதில் நாலு ஊர் இருக்கிறது.